தன்னையே பிடித்து வைத்திருக்கும் கைனேஸ்

தம்பி, நீ கேட்டது இது: ‘கைனேஸ் படங்களில் எல்லாம் வேலை செய்யும் டொமைன் பக்கத்தில் ரெகுலேட்டரி டொமைன் என்று ஒரு உருண்டை ஒட்டியிருக்கிறது. அது தடுக்கும் என்று பாடத்தில் ஒரே ஒரு வரி. ஒரு என்சைமைச் செய்துவிட்டு அதைக் கட்டியும் போடுவானேன்? அந்த உருண்டை வாயை அடைக்கிறதா, வேறு ஏதாவது செய்கிறதா?’ பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டே நெட் பரீட்சைக்கும் தயாராவதால் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தாய். சுருக்கினால் அந்த ஒரு வரிதான் மறுபடியும் மிஞ்சும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

டொமைன் என்றால் ஒரு புரதத்துக்குள் தனியாக மடிந்து நிற்கும் பகுதி. முதலில் ‘ஏன்’. மனித ஜீனோமில் 2002-ல் கணக்கெடுத்தபோது 518 கைனேஸ் ஜீன்கள் தேறின. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி, வேறொரு புரதத்தில் உள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் வைப்பதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றின் தொழில். செல்லுக்குள் ஏடிபிக்குப் பஞ்சமில்லை. பாஸ்பேட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் புரதங்களுக்கும் பஞ்சமில்லை. கைனேஸைக் கட்டில்லாமல் விட்டால் அது ஓயாமல் பாஸ்பேட் வைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் எந்தச் செய்திக்கும் அர்த்தம் இருக்காது. தேவைப்படும்போது மட்டும் கைனேஸைச் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் ஜீனைப் படித்து, ஆர்என்ஏ எழுதி, புரதம் கோத்து முடிப்பதற்குள் நிமிடங்கள் கழிந்துவிடும், சில சமயம் மணிக்கணக்காகும்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தை நீயும் பிடித்திருப்பாய். ‘இழு’ என்ற குரல் வந்த சில நொடிகளில் தோள் தசைக்குள் சேமித்துவைத்த சர்க்கரையான கிளைகோஜன் உடையத் தொடங்கியாக வேண்டும். அதற்குரிய பாஸ்போரிலேஸ் கைனேஸ் ஏற்கெனவே செய்யப்பட்டு, தசைக்குள் அடக்கிவைக்கப்பட்ட நிலையில் காத்திருக்கிறது. அதில் மொத்தம் 16 துணை அலகுகள், நான்கு வகை. காமா என்ற ஒரு வகைதான் வேலை செய்யும், மற்ற மூன்றும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அந்த மூன்றில் ஒன்று கால்மோடுலின், கால்சியத்தைப் பிடிக்கும் புரதம். தசை சுருங்கும்போது வெளிவரும் கால்சியம் நேராக அதில் போய் உட்காருகிறது. அட்ரினலின் கிளப்பும் செய்தி ஆல்ஃபா, பீட்டா அலகுகளின் மேல் பாஸ்பேட்டாக வந்து இறங்குகிறது. இரண்டு செய்தியும் போய்ச் சேரும் இடத்தைக் கவனி. அடக்கிவைத்திருக்கும் அலகுகளுக்குத்தான் அவை வருகின்றன, வேலை செய்யும் அலகுக்கு அல்ல. இந்தத் தசை கிளைகோஜன் ஆராய்ச்சியில், 1950-களின் நடுவில், எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் பாஸ்பேட் ஏற்றி இறக்குவதுதான் சுவிட்ச் என்று கண்டார்கள். 1992-ல் நோபல் பரிசு வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். தடுக்கும் டொமைனும் செய்தி கேட்கும் டொமைனும் ஒன்றே. ‘தடுப்பு’ என்று ஒரு வேலை, ‘தூண்டல்’ என்று இன்னொரு வேலை எனப் பிரித்துப் படித்தால் படம் குழம்பிவிடும். கன்னடியன் கால்வாயில் மடைப் பலகையைத் தூக்குகிறவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை. தள்ளும் விசை தண்ணீரிடமே எப்போதும் இருக்கிறது, பலகை மட்டும்தான் நகர்கிறது. பல கைனேஸ்களும் அப்படித்தான். வேலை செய்யும் டொமைனைத் தனியே வெட்டி எடுத்தால் அது தானாகவே ஓடும்.

இது வெறும் கருத்தில்லை, சோதனையில் கண்டது. ஜப்பானின் கோபே நகரில் நிஷிசூகாவின் குழு 1977-ல் மூளைத் திசுவிலிருந்து ஒரு கைனேஸைப் பிரித்தெடுத்தது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு தேவைப்படாமல் அது ஓடியது. தேடிப் பார்த்தால், அது ஒரு பெரிய, செயலற்ற புரதத்தைப் புரோட்டியேஸ் என்ற வெட்டும் என்சைம் நறுக்கியதில் கிடைத்த துண்டு. அந்த முழுப் புரதம்தான் இன்று நாம் புரோட்டீன் கைனேஸ் சி என்று சொல்வது. சுருக்கமாகப் பிகேசி. முழுசாக இருக்கும்போது சும்மா இருக்கிறது, வெட்டினால் ஓடுகிறது. அப்படியானால் வெட்டுப்பட்டுப் போன பகுதிதான் அதைப் பிடித்து வைத்திருந்தது என்று ஆகிறது. ஒரு துண்டை நீக்கினால் செயல் கூடுகிறது என்று வினாத்தாளில் ஒரு வரைபடம் வந்தால், அந்தத் துண்டு தடுப்பான் என்று தயங்காமல் எழுது.

இனி ‘எப்படி’. நீ ஊகித்தபடி வாயை அடைப்பது ஒரு வழி. ஆனால் அடைப்பது சும்மா ஒரு கட்டை அல்ல. பிகேசியின் அமினோ முனைப் பக்கம் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. பிகேசி விரும்பும் புரதங்களின் வரிசையும் அந்தத் துண்டின் வரிசையும் அச்சு அசலாக ஒத்துப்போகும். ஒரே வித்தியாசம், பாஸ்பேட் வாங்கவேண்டிய செரின் இருக்கவேண்டிய இடத்தில் அலனின். செரினின் ஹைட்ராக்சில் அங்கே இல்லை, அதனால் பாஸ்பேட் வைக்க இடமில்லை. துண்டு உள்ளே போய்ப் பொருந்திக்கொள்ளும், வேலை நடக்காது. என்சைம் வேலை செய்யும் பொருள் சப்ஸ்ட்ரேட், அதனால் இதற்குப் போலி சப்ஸ்ட்ரேட் என்று பெயர். 1987-ல் ஹவுஸ், கெம்ப் இருவரும் அந்தத் துண்டைத் தனியே செயற்கையாகச் செய்து ஊற்றிப் பார்த்தார்கள். பிகேசி அடங்கியது. அந்த ஒரு அலனினைச் செரினாக மாற்றிச் செய்தபோது அதே துண்டு நல்ல சப்ஸ்ட்ரேட்டாகிவிட்டது. ஒற்றை ஆக்ஸிஜன் அணுவின் வித்தியாசம்! எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். வெளியே உண்மையான சப்ஸ்ட்ரேட்டுகள் இவ்வளவு மிதக்கும்போது போலி ஏன் தோற்பதில்லை? அது கைனேஸோடு ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கிறது. எங்கும் மிதந்து போய்விட முடியாது, வாசலிலேயே இருக்கிறது. கழன்றாலும் உடனே திரும்பப் பொருந்தும். ஆகவே அதன் பிடி மிக வலுவாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இந்த ‘வலுவில்லாத பிடி’ முக்கியமான சங்கதி, கீழே மறுபடி வரும். திறப்பது எப்படி என்றால், சவ்வில் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பு மூலக்கூறு செய்தியாக உண்டானதும் பிகேசியின் சி1 டொமைன் அதைப் பிடிக்கிறது. சி2 டொமைன் கால்சியத்தோடு சவ்வில் ஒட்டுகிறது. அந்த இழுப்பில் போலித் துண்டு வெளியே வந்துவிடுகிறது.

பிகேஏ-வில், அதாவது புரோட்டீன் கைனேஸ் ஏ-வில், இதே உத்தி, ஆனால் தடுப்பான் தனிச் சங்கிலி. இரண்டு ரெகுலேட்டரி அலகுகள், இரண்டு வேலை செய்யும் அலகுகள். முதல் வகை ரெகுலேட்டரி அலகில் ஆர்ஜினின்-ஆர்ஜினின்-கிளைசின்-அலனின் என்று போலி வரிசை. இரண்டாம் வகையில் அலனினுக்குப் பதில் உண்மையான செரினே இருக்கிறது, பாஸ்பேட்டும் வாங்கிக்கொள்கிறது, அப்படியும் விடாமல் பிடிக்கிறது. ஒவ்வொரு ரெகுலேட்டரி அலகிலும் சைக்ளிக் ஏஎம்பி உட்கார இரண்டு இடம். அது வந்து உட்கார்ந்ததும் ரெகுலேட்டரி அலகு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது, பிடி தளர்கிறது. 1991-ல் சூசன் டெய்லரின் குழு பிகேஏ-வின் வேலை செய்யும் அலகின் வடிவத்தை வெளியிட்டது. ஒரு கைனேஸின் முப்பரிமாண வடிவத்தை உலகம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் படிகத்திலும் பிளவுக்குள் ஒரு போலித் துண்டு உட்கார்ந்திருந்தது.

கால்சியமும் கால்மோடுலினும் தூண்டும் கேம்கைனேஸ்-2 பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் நன்றாகவே இருக்கும். 12 அலகுகள் வட்டமாகக் கூடியிருக்கும். ஒவ்வொன்றின் தடுப்புத் துண்டையும் கால்சியம் ஏறிய கால்மோடுலின் வந்து தூக்குகிறது. தூக்கியவுடன் பக்கத்து அலகு அந்தத் துண்டின் 286-ஆம் திரியோனின் மேல் ஒரு பாஸ்பேட்டை வைத்துவிடும். பிறகு கால்சியம் குறைந்தாலும் துண்டு பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பாது, கைனேஸ் ஓடிக்கொண்டிருக்கும். நொடிப்பொழுதுச் செய்தி நீடிப்பது இப்படித்தான். அந்தத் திரியோனினை அலனினாக மாற்றிய எலிகளால் தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ள முடியவில்லை என்று 1998-ல் காட்டினார்கள்.

இனி வாயை அடைக்காத வழி. உண்மையில் உன் கேள்விக்கு முழு பதில் இங்கேதான் இருக்கிறது.

சார்க் என்ற டைரோசின் கைனேஸை எடுத்துக்கொள். எஸ்ஹெச்3, எஸ்ஹெச்2 என்ற இரண்டு சிறு டொமைன்கள், அப்புறம் கைனேஸ் டொமைன், கடைசியில் ஒரு குட்டி வால். வாலில் 527-ஆம் டைரோசின். இது கோழிப் புரதத்தின் கணக்கு, மனிதரில் 530. சிஎஸ்கே என்ற வேறொரு கைனேஸ் அதன் மேல் பாஸ்பேட் வைக்கும். பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிப்பதுதான் எஸ்ஹெச்2-வின் தொழில், அது தன் வாலையே பிடித்துக்கொள்கிறது. எஸ்ஹெச்3-யோ, எஸ்ஹெச்2-வையும் கைனேஸையும் இணைக்கும் நாடாவைப் பிடித்துக்கொள்கிறது. 1997-ல் சார்க், அதன் உறவான ஹெச்சிகே, இரண்டின் வடிவங்களும் வெளிவந்தன. எல்லோரும் எதிர்பார்த்தது எஸ்ஹெச்2 போய் வாயை அடைத்திருக்கும் என்று. பார்த்தால் இரண்டு டொமைன்களும் கைனேஸின் முதுகுப் பக்கம் ஒட்டியிருந்தன. வாய் திறந்தே கிடந்தது.

அப்படியானால் எங்கே தடுக்கிறது? கைனேஸ் டொமைனுக்கு இரண்டு மடல்கள், நடுவே ஏடிபி உட்காரும் பிளவு. மேல் மடலில் ஆல்ஃபா-சி என்று ஒரு சுருள் இருக்கிறது. வேலை செய்யும் நிலையில் அந்தச் சுருளின் ஒரு குளுட்டமேட், 310-ஆம் இடத்தது, 295-ஆம் லைசினோடு கைகோத்து நிற்கும். ஏடிபியின் பாஸ்பேட்டுகளைச் சரியான இடத்தில் பிடிப்பது அந்த லைசின். எஸ்ஹெச்3-யும் நாடாவும் முதுகிலிருந்து அழுத்தும்போது அந்தச் சுருள் வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறது. குளுட்டமேட்டுக்கும் லைசினுக்கும் இடையிலான பிணைப்பு அறுந்துபோகிறது. ஏடிபி வந்தாலும் வேலைக்குத் தோதாக நிற்காது. 416-ஆம் டைரோசின் இருக்கும், ஆக்டிவேஷன் லூப் என்ற வளையமும் சுருண்டு மறைந்துகொள்கிறது, அதன் மேல் பாஸ்பேட் ஏறவும் வழியில்லை. தொலைவில் ஓர் இடத்தில் பிடித்து, உள்ளே வேறோர் இடத்தை ஒழுங்கு குலைப்பது. அலோஸ்டெரி என்று வகுப்பில் ஹீமோகுளோபினுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுவேதான்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. எஸ்ஹெச்3-க்கும் எஸ்ஹெச்2-வுக்கும் இடையே உள்ள சிறு இணைப்பு விறைப்பாக இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து அழுத்த முடியும். அந்த இணைப்பில் கிளைசின்களை வைத்துத் தளர்த்தியபோது, வால் பிடிபட்டிருந்தும் தடுப்பு கெட்டுப்போனது. 2001-ல் குரியனின் குழு இதைக் கணினியில் கணித்துச் செல்லிலும் சோதித்துக் காட்டியது.

இப்போது அந்த வலுவில்லாத பிடிக்கு வருவோம். எஸ்ஹெச்2-வுக்கு மிகப் பிடித்த வரிசை, பாஸ்பேட் ஏறிய டைரோசினைத் தொடர்ந்து குளுட்டமேட், குளுட்டமேட், ஐசோலூசின். சார்க்கின் வாலில் இருப்பது அது இல்லை, சுமாரான ஒரு வரிசை. நாடாவும் எஸ்ஹெச்3-க்குச் சுமாரான வரிசைதான். பரிணாமம் இதை மேம்படுத்தியிருக்க முடியாதா? முடியும். ஆனால் மேம்படுத்தினால் கைனேஸ் திறக்கவே திறக்காது. சவ்வில் ஒரு ஏற்பி விழித்து அதன் மேல் நல்ல வரிசையோடு பாஸ்போடைரோசின் தோன்றும்போது, எஸ்ஹெச்2 வாலை விட்டுவிட்டு அதைப் பிடிக்கிறது. விட்ட அந்தக் கணமே கைனேஸ் திறக்கிறது. அதோடு, எந்த இடத்தில் செய்தி வந்ததோ அதே இடத்தில் கைனேஸும் போய் நிற்கிறது. திறப்பதும் இடம்சேர்ப்பதும் ஒரே அசைவில் முடிந்துவிடுகின்றன. தடுக்கும் டொமைனே கேட்கும் டொமைனாக இருப்பதால்தான் இது நடக்கிறது. படிக்கும்போது இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நில்லு தம்பி. இதைப் புரிந்துகொண்டவனுக்கு மற்ற கைனேஸ்கள் எளிது.

சார்க்கின் கதை தொடங்கியதே நோயிலிருந்துதான். 1911-ல் பெய்ட்டன் ரௌஸ், கோழியின் கட்டியை அரைத்து, செல்லே இல்லாமல் வடிகட்டிய சாற்றை இன்னொரு கோழிக்குச் செலுத்தினால் அதற்கும் கட்டி வருகிறது என்று காட்டினார். அதில் இருந்தது ஒரு வைரஸ். நோபல் பரிசு 1966-ல்தான் அவரைத் தேடி வந்தது. அந்த வைரஸின் புற்று ஜீன் கோழியின் சொந்த ஜீனிலிருந்து எடுத்துக்கொண்டது என்று பிஷப்பும் வார்மஸும் 1976-ல் கண்டார்கள், 1989-ல் அவர்களுக்கும் நோபல். வைரஸிடம் இருந்த சார்க்கில் வால் நுனி வேறாக இருந்தது, 527-ஆம் டைரோசின் இல்லை. வேலை செய்யும் இடம் அப்படியே. பிடி மட்டும் போயிருந்தது.

ஏபிஎல் என்ற கைனேஸ் சார்க்குக்குச் சொந்தம். ஆனால் அதன் வாலில் பாஸ்போடைரோசின் பிடி இல்லை. பதிலாக, அமினோ முனையில் ஒட்டியுள்ள மிரிஸ்டேட் என்ற கொழுப்பமிலம் கைனேஸின் கீழ் மடலில் ஒரு குழிக்குள் போய் உட்காருகிறது. அதனால் ஒரு சுருள் வளைகிறது, எஸ்ஹெச்2 அங்கே பொருந்திக்கொள்ள இடம் கிடைக்கிறது. இந்த வடிவம் 2003-ல் தெரியவந்தது. நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோயில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. பிசிஆர் (BCR) என்ற ஜீன் வந்து ஏபிஎல்லின் முன்பகுதியில் ஒட்டுகிறது. மிரிஸ்டேட் இருந்த முனை போய்விடுகிறது. அதோடு பிசிஆரின் சுருள் நான்கு நான்காகச் சேர்த்துவைக்கிறது. கைனேஸ் அணையாமல் ஓடுகிறது.

அதற்கு வந்த இமாட்டினிப் மாத்திரை 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஏடிபியின் இடத்தில் உட்கார்ந்து, கைனேஸைச் செயலற்ற வடிவத்திலேயே நிறுத்திவைக்கிறது. 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் அதன் புதிய காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்ததால் இங்கே மலிவான மாத்திரைகள் தொடர்ந்து கிடைத்தன. ஐகிரவுண்டு பக்கம் மருந்துக் கடையில் அந்தச் சீட்டை நீட்டும் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு என்ன என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் ஏபிஎல்லின் 315-ஆம் திரியோனின் ஐசோலூசினாக மாறினால் இமாட்டினிப் உள்ளே நுழைய முடியாது. 2021-ல் அனுமதி பெற்ற அசிமினிப் வேறு வழியில் போகிறது. அது ஏடிபி பக்கமே போவதில்லை. காலியாகக் கிடக்கும் மிரிஸ்டேட் குழியில் உட்கார்ந்து, தொலைந்துபோன பிடியைத் திரும்பக் கொடுக்கிறது. 315 மாறியிருந்தாலும், மருந்தளவைக் கூட்டினால் வேலை செய்கிறது.

ஜாக் குடும்பம் இன்னும் விசித்திரம். ஒரே சங்கிலியில் இரண்டு கைனேஸ் டொமைன்கள். ஒன்று வேலை செய்யும், அதன் முன்னால் இருப்பது பார்க்கக் கைனேஸ் போலவே இருந்தாலும் பாஸ்பேட் வைக்கும் திறன் ஏறக்குறைய இல்லாதது. அந்தப் போலி கைனேஸ்தான் இங்கே தடுப்பான். ஜாக்2-வில் 617-ஆம் இடத்து வேலின் ஃபீனைல்அலனினாக மாறுவது 2005-ல் கண்டறியப்பட்டது. சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் பாலிசைத்தீமியா வேராவில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடம் அது இருக்கிறது. 617 எங்கே இருக்கிறது? போலி டொமைனில்! இதே குடும்பத்தின் டிஒய்கே2-வுக்கு 2022-ல் வந்த டியூக்ராவாசிட்டினிப் போலி டொமைனைப் பிடித்து அதைத் தடுக்கும் நிலையிலேயே நிறுத்துகிறது, சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு மருந்தாகிறது. ஏடிபி பிளவு 500 கைனேஸ்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ரெகுலேட்டரி டொமைன்களோ ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் பிடியைக் குறிவைக்கும் மருந்து மற்ற கைனேஸ்களைத் தொந்தரவு செய்வது குறைவு. அடுத்த நல்ல மருந்துகள் இந்த வழியில்தான் வரும் என்பது என் திடமான எண்ணம்.

இதெல்லாம் விலங்குகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. பிசானத்துக்கு நாற்றங்கால் போட்ட வயலில் நாற்று வெளிச்சம் வரும் பக்கம் சாய்வதற்குப் பின்னாலும் ஒரு கைனேஸ் இருக்கிறது: ஃபோட்டோட்ரோபின். அதன் எல்ஓவி2 என்ற டொமைன் இருட்டில் கைனேஸைப் பிடித்து வைத்திருக்கும். நீல ஒளி பட்டதும், உள்ளே இருக்கும் ஃப்ளேவின் நிறமியோடு ஒரு சிஸ்டீன் பிணைந்துகொள்கிறது. உடனே ஜே-ஆல்ஃபா என்ற சுருள் அவிழ்கிறது, கைனேஸ் விடுபடுகிறது. இருட்டில் சில நிமிடங்களில் அந்தப் பிணைப்பு தானே அவிழ்ந்து பழையபடி மூடிக்கொள்ளும். இலைத்துளை திறப்பதிலும் இதற்குப் பங்குண்டு. இங்கே செய்தி ஒரு மூலக்கூறுகூட இல்லை, வெறும் ஒளி. அப்போதும் ஒளியைக் கேட்பது தடுத்துக்கொண்டிருக்கும் டொமைன்தான்.

பரீட்சைக்கு ஒன்று. இந்தப் பகுதியில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ‘இந்த அமினோ அமிலத்தை மாற்றினால் என்ன ஆகும்’ என்ற வகை. 527-ஐ ஃபீனைல்அலனினாக மாற்றினால் சார்க் எப்போதும் ஓடும் என்று இப்போது உனக்கே சொல்லவரும். கொஞ்சம் கடினமானது இது: ஹெச்சிகே-யின் வாலை எஸ்ஹெச்2-வுக்கு மிகப் பிடித்த அந்த வரிசையாக மாற்றிவிட்டு, எச்ஐவி-யின் நெஃப் புரதத்தைச் சேர்த்தால் என்ன நடக்கும்? நெஃப் பிடிப்பது எஸ்ஹெச்3-யை. வால் எஸ்ஹெச்2-விடம் இறுகப் பிடிபட்டே இருக்கிறது, ஆனாலும் கைனேஸ் ஓடத் தொடங்குகிறது. இரண்டு பிடியில் ஒன்று விட்டாலே போதும். ஏன் என்று யோசித்து, ஆல்ஃபா-சி சுருளை முதுகிலிருந்து அழுத்துவது யார் என்பதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார். புரத வடிவங்களின் தரவு வங்கியில் 2எஸ்ஆர்சி என்று தேடினால் மூடிய சார்க்கின் வடிவம் இலவசமாகக் கிடைக்கும், ஃபோனிலேயே சுழற்றிப் பார்க்கலாம். 295-ஐயும் 310-ஐயும் குறித்துக்கொண்டு, அவை எவ்வளவு விலகி நிற்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு எழுது.